பேர் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிடும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, இப்போது ஒரு அரசு மருத்துவமனை வார்டில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வார்டு வேலைகளைச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பும் என்னிடம் உண்டு. ஊசி, டிரிப், டிரெஸ்ஸிங் எல்லாம் அவர்கள் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நோயாளியைப் பற்றி யாரிடம் என்ன பேசலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருப்பதில்லை. அவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் ஆட்களின் ஊர், வயது, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். பேரை மட்டும் மாற்றினால் ஏன் போதாது என்பது போகப் போகப் புரியும்.

தகவல் கசிவு என்றதும் யாரோ எங்கிருந்தோ கம்ப்யூட்டருக்குள் புகுந்து திருடுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் அது வாய் வழியாகக் கசிகிறது. மருந்து கொடுக்கும் ஜன்னலில், டீக்கடையில், டவுன் பஸ்ஸில், அப்புறம் வாட்ஸ்அப்பில். காசநோய்க்கு மாத்திரை வாங்க வந்த ஒருவரை, நான் முன்பு இருந்த இடத்தில், வரிசை முழுக்கக் கேட்கும்படி “டிபி மாத்திரை யாருது, வாங்க” என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்கள். வரிசையில் அவருடைய சம்பந்தி வீட்டு ஆள் நின்றிருந்தார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. மாத்திரையையே நிறுத்திவிட்டார். திரும்பி வரும்போது உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. காசநோய் மாத்திரையை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் அபாயம் உண்டு என்பது எல்லாச் செவிலியருக்கும் தெரியும். அந்த அபாயம் ஜன்னலில் போட்ட ஒரு சத்தத்திலிருந்தும் வரலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ரகசியம் காப்பதை நல்ல பழக்கம் என்ற வரிசையில் நான் வைப்பதில்லை. மருந்தை நேரத்துக்குக் கொடுப்பது போல அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதி.

என் தம்பி மகள் பெங்களூரில் மெடிக்கல் கோடிங் வேலையில், அதாவது நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலையில் இருக்கிறாள். அமெரிக்க நோயாளிகளின் கோப்புகள் அவளிடம் வருகின்றன. அவர்கள் அலுவலகத்தில் மேஜைக்குச் செல்போன் கொண்டுபோகக்கூடாது, பேனா பேப்பர்கூட வைத்துக்கொள்ளக்கூடாது. எல்லாம் நோயாளிகளின் தகவலைக் காக்க அமெரிக்காவில் 1996ல் வந்த ‘ஹிப்பா’ சட்டத்துக்காக. “அத்தை, நம்ம ஊர்ல இப்படி ஒரு சட்டம் இருக்கா?” என்று ஒரு தடவை கேட்டாள். ஒரே சட்டமாக இல்லை, பல சட்டங்களில் பிரிந்து கிடக்கிறது என்றேன். அவள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் உதவியது. ஹிப்பாவில் ஒரு கோப்பிலிருந்து ஆளை அடையாளம் தெரியாமல் ஆக்க ஒரு முறை இருக்கிறது. அதன்படி 18 வகையான விவரங்களை நீக்க வேண்டும். பேர், போன் நம்பர் மட்டும் போனால் போதாது. சேர்ந்த தேதி, முகம் தெரியும் போட்டோ, வண்டி நம்பர், மாநிலத்தைவிடச் சின்ன ஊர் விவரங்கள் என்று பட்டியல் போகிறது.

எங்கள் ஊருக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். தளி பக்கத்தில் ஒரு சின்ன கிராமத்தின் பேரையும் “ரெண்டாவது மாசமே கலைஞ்சிடுச்சு” என்பதையும் சேர்த்துச் சொன்னால் அங்கே பேருக்கு வேலையே இல்லை. ஓசூர் பஸ்ஸில் ஒரு நாள் என் முன் சீட்டில் இரண்டு பேர் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியாது. “மாமனார் டிராக்டர் வெச்சிருக்காரே, அந்த வீட்டு மருமக” என்று ஒருவர் ஆரம்பித்தார். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் அந்தப் பெண்ணின் ஸ்கேன் வரை வந்துவிட்டது. பேர் ஒரு தடவைகூட வரவில்லை. பஸ்ஸில் இருந்த பாதிப் பேருக்கு அது யார் என்று தெரிந்திருக்கும். நான் பிள்ளைகளிடம் சொல்வது இதுதான்: நாம் பேசுவதை அந்த நோயாளியின் கொழுந்தனார் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள். அவருக்கு ஆள் யாரென்று புரியுமா? புரியும் என்றால் பேசாதே.

சரி, வெளியாள்களிடம் சொல்லக்கூடாது, அது எளிது. சிக்கலே வீட்டு ஆள்கள்தான். “என்ன நர்சம்மா, என் மருமகளுக்கு ரிப்போர்ட்ல என்ன வந்துச்சு? நான் என்ன வேத்து ஆளா?” என்று மாமியார் கேட்கும்போது சட்டம் பேசினால் எடுபடாது. அந்த அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காமல் வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். கஞ்சி வாங்கி வருவதும் அவர்தான். அவரை அலட்சியப்படுத்தவும் முடியாது. நான் பார்த்தவரை இரண்டு வேலை செய்தால் பாதிச் சண்டை வராது. முதலாவது, சேர்க்கும்போதே நோயாளியிடம் தனியாக, “உங்க உடம்பைப் பத்தி யார்கிட்ட சொல்லலாம், யார்கிட்ட வேண்டாம்?” என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் குறித்துவிடுவது. தனியாகக் கேட்பதுதான் முக்கியம். கூட இருப்பவரை ஓபி சீட்டுக்கோ ஆதார் நகலுக்கோ அனுப்பிவிட்டு அந்த ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட வேண்டும். புருஷன் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் “அவர்கிட்டயே சொல்லுங்க” என்றுதான் பதில் வரும், அதை நம்ப முடியாது. இரண்டாவது, மாமியாரிடம் சொல்வதற்குத் தயாராக ஒரு வாக்கியம் வைத்திருப்பது. “அம்மா, உங்க மருமக நல்லா முழிச்சிட்டுத்தான் இருக்கா, அவளையே கேளுங்க. நான் சொல்றதைவிட அவ சொன்னாத்தான் சரி” என்பேன். கோபம் வரும், ஆனால் அவமானம் வராது.

போனில் யார் கேட்டாலும் எதுவும் சொல்லக்கூடாது. பெங்களூரிலிருந்து பேசுகிறேன், புருஷன்தான் பேசுகிறேன் என்பார்கள். குரலை வைத்து யாரென்று நாம் எப்படி முடிவு செய்வது? நோயாளியின் கையில் போனைக் கொடுத்துவிடலாம். அவர் பேசும் நிலையில் இல்லையென்றால், சேர்க்கும்போது எழுதி வைத்த நம்பருக்கு நாமே திருப்பி அழைக்கலாம்.

ஓசூர் பக்கம் இன்னொரு வகை இருக்கிறது. கம்பெனிகளிலும் ரோஜாப் பசுமைக்குடில்களிலும் வேலை செய்யும் வடமாநிலப் பிள்ளைகளை சூப்பர்வைசர்தான் கூட்டி வருவார். பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, அவர்தான் மொழிபெயர்ப்பாளர். உதவி செய்வது உண்மைதான். ஆனால் ரத்தப் பரிசோதனை முடிவை அவரே வாங்கிக்கொண்டு போய், வேலையில் வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற நிலைமை வந்துவிடுகிறது. முதலாளிக்கு அந்த ரிப்போர்ட்டைக் கேட்க உரிமை கிடையாது. மொழி தெரிந்த வேறு ஊழியர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் பார்ப்போம், தெலுங்கும் கன்னடமும் எங்கள் வார்டிலேயே பலருக்கு வரும். இந்திக்கு ஆள் இல்லாதபோது ஸ்பீக்கரில் போட்டு நம்பிக்கையான ஒருவரைப் பேச வைத்திருக்கிறோம், நோயாளியின் பேரைச் சொல்லாமல். ரிப்போர்ட் காகிதம் நோயாளியின் கைக்கு மட்டும் போக வேண்டும். லீவுக்கு சர்டிபிகேட் வேண்டுமென்றால் எத்தனை நாள் ஓய்வு என்பது அதில் இருந்தால் பெரும்பாலும் போதும். நோயின் பேரும் வேண்டும் என்று கம்பெனி கேட்டால் நோயாளி சம்மதித்த பிறகுதான் எழுத வேண்டும்.

எச்ஐவி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் வேலைக்கு வந்த காலத்தில் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் வட்டம் போடுவதும், கட்டிலைக் கோடியில் தள்ளி வைப்பதும் சில இடங்களில் நடந்தது. கூட்டிப் பெருக்க வருபவருக்குக்கூட அந்த வட்டத்தின் பொருள் தெரியும். நமக்குத் தொற்றிவிடக்கூடாது என்ற பயத்தில் செய்தார்கள். ஆனால் எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே நினைத்துக் கையுறை போட்டு வேலை செய்வதுதான் முறை. பரிசோதனையே செய்யாதவர் எத்தனையோ பேர் வருகிறார்கள், அவர்கள் ஷீட்டில் வட்டம் இருக்காது. அதனால் வட்டம் நம்மைக் காப்பாற்றாது, அந்த நோயாளியை மட்டும் காட்டிக்கொடுக்கும். 2017ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. பரிசோதனைக்கே அவருடைய சம்மதம் வேண்டும். முடிவை வேறு யாரிடமும் சொல்ல எழுத்தில் சம்மதம் வேண்டும். சிகிச்சை தருகிற இன்னொரு மருத்துவப் பணியாளருக்கு, சிகிச்சைக்குத் தேவை என்றால் மட்டும் சொல்லலாம். கோர்ட் உத்தரவு போட்டாலும் சொல்லலாம்.

“அப்போ பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாமா சிஸ்டர்?” என்று எல்லா பேட்ச்சிலும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. மருத்துவரோ ஆலோசகரோ மட்டும் துணையிடம் சொல்லலாம். அதற்கு முன் துணைக்கு உண்மையாகவே தொற்று ஆபத்து இருப்பதாக அவர் நம்ப வேண்டும், நோயாளியைத் தானே சொல்லும்படி ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும், அவர் சொல்லப் போவதில்லை என்று தெரிய வேண்டும், “நான் சொல்லப் போகிறேன்” என்று அவரிடம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடி உதையோ வீட்டை விட்டுத் துரத்துவதோ நடக்கும் என்று நியாயமான பயம் இருந்தால் மருத்துவரும் ஆலோசகரும்கூடத் துணையிடம் சொல்லக்கூடாது. ஆக, வார்டு செவிலியர் நல்ல எண்ணத்தில்கூடத் தானாகச் சொல்லக்கூடாது. எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடம் அனுப்புவதுதான் நம் வேலை.

கருக்கலைப்பில் ரகசியம் இன்னும் கடுமை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2021ல் கொண்டுவந்த திருத்தப்படி, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பேரையோ விவரத்தையோ சட்டப்படி அதிகாரம் உள்ளவர் தவிர வேறு யாரிடமும் வெளியிட்டால் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். அதற்கான பதிவேட்டை ரகசிய ஆவணமாகப் பூட்டி வைக்க வேண்டும். மற்றக் காகிதங்களில் பேர் இருக்காது, வரிசை எண்தான் இருக்கும். பதினெட்டு வயது முடிந்த பெண் என்றால் அவள் சம்மதம் போதும், புருஷன் கையெழுத்து சட்டத்தில் கிடையாது. இந்தப் பதிவேட்டை மேஜை மேல் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்களை நான் மன்னிப்பதில்லை.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை கர்ப்பமாக வரும்போது வேறு விதி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் குழந்தைத் திருமணம் இன்னும் நிற்கவில்லை, அதனால் இந்த நிலைமையில் எங்கள் பக்கத்துச் செவிலியர் யாரும் மாட்டாமல் இருக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. பிள்ளையின் அம்மா காலில் விழுந்து அழுவார். எனக்குக் கை நடுங்கிய நேரங்கள் உண்டு. அந்த அம்மாவிடம் நான் சொல்வது: “சொல்ல வேண்டிய ஒரு இடத்துல மட்டும் சொல்றோம்மா. இந்த ரூமைத் தாண்டி வேற ஒருத்தருக்கும் தெரியாது.” சொன்னபடி அதைக் காப்பாற்றவும் வேண்டும். கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இது தெரியாமல் பயந்துகொண்டு சிறுமியை வீட்டிலேயே நாட்டு மருந்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்தத் தீர்ப்பை நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

தற்கொலைக்கு முயன்று வருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்மிஷன் போட்ட அரை மணி நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் “ஏன் இப்படிப் பண்ணிச்சாம்?” என்று நம்மிடம் கேட்க ஆரம்பிப்பார்கள். ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் மருத்துவர் எழுதுவார், போலீசுக்குத் தகவல் போகும், அதோடு சரி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது, அவர் சம்மதமில்லாமல் போட்டோவோ விவரமோ ஊடகத்துக்குப் போகக்கூடாது என்கிறது. பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போகும் ஆளுக்கு ஊர் என்ன பேசுகிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சொல்லியாக வேண்டிய இடங்களிலும் அளவு உண்டு. காசநோயைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், தனியார் மருத்துவமனையும் மருந்துக் கடையும்கூட. காசநோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நி-க்ஷய் தளத்தில் ஏற்றினால்தான் மாதம் 1,000 ரூபாய் சத்துணவு உதவியும் வரும். இதை நோயாளிக்கு முதலிலேயே விளக்கிவிட வேண்டும். பின்னால் வீட்டுக்குக் களப்பணியாளர் வந்து நிற்கும்போது “யார் சொன்னது உங்களுக்கு?” என்று அவர் அதிர்ந்து போகக்கூடாது. களப்பணியாளரும் தெருமுனையில் நின்று “இங்க டிபி இருக்கிற வீடு எது?” என்று வழி கேட்கக்கூடாது. போனில் கேட்டு, அவர் சொல்லும் இடத்தில் சந்திக்கலாம். 2020ல் கொரோனா வந்த வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியபோது அக்கம்பக்கம் அந்த வீட்டுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கத் தயங்கியதை நாங்கள் பார்த்தோம். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவு போட்டால் ஒழிய அப்படி ஒட்டக்கூடாது என்றது.

மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருவது வயதானவர்களுக்குப் பெரிய உதவி. கொண்டு வரும் தன்னார்வலர் அதே ஊர்ப் பெண். அதுதான் பலம், கவனிக்க வேண்டிய இடமும் அதுதான். அவரிடம் ஊரிலுள்ள பாதிப் பேரின் நோய் எழுதிய நோட்டு இருக்கிறது. அந்த நோட்டை வீட்டில் திறந்து போடாதே, மாத்திரையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வராதே, திண்ணையில் நாலு பேர் இருக்கும்போது சுகர் எவ்வளவு என்று கத்திச் சொல்லாதே என்று பயிற்சியின்போது ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரையில், படித்துப் பட்டம் வாங்கிய எங்களைவிட அவர்கள் இதைச் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள், ஏனென்றால் ஊர்ப் பேச்சின் வலி அவர்களுக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் தனிக் கதை. ஆபத்தான நிலையில் உள்ள கர்ப்பிணிகளின் பட்டியலை பிக்மி எண் (கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசுத் தளத்தின் எண்), பேர், செல்போன் நம்பரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிய குரூப்பில் போட்டுவிடுவார்கள். வேலை அவசரம்தான். ஆனால் அந்த குரூப்பில் எப்போதோ மாறிப்போன டிரைவரும், ஓய்வு பெற்றவர்களும் இருப்பார்கள். எண்ணை மட்டும் போட்டால் போதும், தேவைப்படுகிறவர் தளத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். சுவரில் ஒட்டும் பிரசவத் தேதிப் பட்டியலுக்கும் இதே முறைதான். நோயாளியின் காயத்தைப் பெரிய டாக்டருக்குப் போட்டோ அனுப்ப வேண்டியிருந்தால் முகம் வராமல் எடுத்து, அனுப்பிய பிறகு கேலரியிலிருந்தும் அழித்துவிட வேண்டும். தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் போட்டோ கேட்டு போன் வந்துவிடும். நிருபராக இருந்தாலும், ஊர்த் தலைவராக இருந்தாலும், நாங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளரைக் கை காட்டிவிடுவோம். போலீஸ் கேட்டாலும் வாய்மொழியாகக் கூடாது, எழுத்தில் கேட்டு பொறுப்பு மருத்துவர் வழியாகத்தான்.

ரகசியம் என்ற பேரில் நோயாளிக்கே அவர் ரிப்போர்ட்டைத் தராமல் அலைய விடுவதும் தவறு. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடு தர வேண்டும், உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கேட்டால் நோயாளியின் கையெழுத்திட்ட கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். 2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்து, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட அதில் இடமிருக்கிறது. அதனால் இனிமேல் நிர்வாகங்களே பாஸ்வேர்ட் விஷயத்தில் கறாராக இருக்கும். ஒரே பாஸ்வேர்டை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி எல்லோரும் பயன்படுத்துவது இப்போதே நிற்க வேண்டும். யார் எந்தக் கோப்பைத் திறந்தார்கள் என்பது தெரியாமல் போவதற்கு அதுதான் காரணம்.

இடமாறுதல் வாங்கிப் போகிறவர்களுக்கு ஒன்று. ரிலீவ் ஆகும் அன்றே பழைய இடத்து குரூப்புகளிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். போனில் இருக்கும் கேஸ் ஷீட் படங்கள், லேப் ரிப்போர்ட்கள், நோயாளிகளின் நம்பர்கள் எல்லாவற்றையும் அழியுங்கள். பேக்கப்பிலும் பாருங்கள். கைநோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், பொறுப்பில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்பு முழுக்க ரீசெட் செய்துவிடுங்கள்.